மறதி நோயாளரும் கலையும்

1901-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள், ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் 51 வயதுள்ள ஒரு மாது சேர்க்கப்பெற்றார். அவர் பெயர் ஆகுஸ்டே டேட்டர். இரயில்வேயில் பணி புரிந்துவந்த கணவர், அவரை வீட்டில் வைத்துப் பேணும் வகை அறியாது அங்குக் கொண்டுவந்து சேர்த்தார். மறுநாள் அவரைச் சோதித்தவர் அலோய்ஸ் அல்சைமர் என்னும் வைத்தியர். "உங்கள் பெயர் என்ன?" என்று அவர் வினவினார். "ஆகுஸ்டே" என்று விடை வந்தது. குடும்பப் பெயரைக் கேட்டார். அதற்கும் அதுவே விடை. கணவரின் பெயரைக் கேட்டார். சற்றே ஐயத்துடன் மீண்டும் அப்பெயரே வந்தது. நண்பகலில் காலிபிளவரும் இறைச்சியும் உண்டுகொண்டிருந்தவரிடம் "என்ன உண்கிறீர்கள்?" என்று கேட்டபோது, கீரை என்றார். பெயரை எழுதிக் காட்டுமாறு சொன்னபோது, 'திருமதி' என்னும் அடைமொழியை எழுதிய பின்னர் எழுத வேண்டியது இன்னதென்று அவருக்கு மறந்துபோயிற்று.

1906-ஆம் ஆண்டு ஏப்ரலில் அம்மாது காலமானார். அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்சைமர், அதே ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் அவையில் தாம் கண்டதை எடுத்துரைத்தார். 1910-இல் கிரெப்பலின் என்னும் பேராசிரியர் தம் பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். டிமென்ஷியா என்று பொதுவாக வழங்கும் முதுமை மறதி நோய்களில் இதுவே மிகுதியாகக் காணப்படுவது.

மருத்துவ நூல்கள் இவ்வரலாற்றை நோய் கண்டறியப்பட்ட கதையாகச் சொல்லும். நாம் ஈண்டுக் கருத விழைவது, அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட கேள்விகளின் தன்மையை. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை ஒன்றே. அவ்விடையை அறியாதவர் தோற்றவர் ஆகிறார். நோயை அறிய முயலும் வைத்தியர் அவ்வாறு வினவுவது முறையே. அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் அக்கேள்வி முறை வைத்தியரின் அறையோடு நின்றுவிடவில்லை. மருத்துவமனைக் கூடத்திலும், முதியோர் விடுதியிலும், வீட்டுத் தாழ்வாரத்திலும் அதுவே நோயாளருடன் பேசும் முறையாயிற்று. அதற்கு மாற்றான பேச்சு முறை ஒன்றைச் சித்திரமும் பாட்டும் கதையும் எங்ஙனம் கொண்டுவந்தன என்பதே நம் கட்டுரையின் பொருள்.

முதலில், அம்மாற்றம் வருவதற்கு ஏன் நெடுங்காலம் ஆயிற்று என்பதைக் காண்போம். அல்சைமர் விவரித்த நோய் ஐம்பது வயதையொட்டி வரும் அபூர்வ நோய் என்றே பல ஆண்டுகள் கருதப்பட்டு வந்தது. எழுபது, எண்பது வயதினருக்கு அறிவு மங்கினால் அது மூப்பின் இயல்பு என்று சொல்லிவிடுவர். 1968-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிளெஸ்ஸட், டாம்லின்சன், ராத் ஆகிய மூவர், முதியோர் மூளையிலும் அல்சைமர் கண்ட படிவுகளே உள்ளன என்பதையும், அவை மிகும் அளவுக்கு அறிவின் மங்கலும் மிகுகிறது என்பதையும் காட்டினர். 1976-இல் அமெரிக்க வைத்தியர் ராபர்ட் காட்ஸ்மன், இது அபூர்வ நோயன்று, பெருந்தொகையினரைக் கொல்லும் நோய் என்று எழுதினார். இடையே 1975-இல், 30 மதிப்பெண் கொண்ட ஒரு சிறு சோதனையை மார்ஷல் போல்ஸ்டீனும் உடன் உழைத்தோரும் வெளியிட்டனர். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர் என்பன போன்ற கேள்விகள் அதில் உண்டு. ஒன்றையொன்று வெட்டி நிற்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையவும் சொல்வார்கள். தாமாக ஒரு வாக்கியம் எழுதவும் சொல்வார்கள். வரைவதும் எழுதுவதும்கூட மதிப்பெண்ணுக்கு உரியனவாகவே நோயாளரிடம் வந்து சேர்ந்தன.

மருத்துவமனைக்குள் கலை நுழைந்தது வேறொரு வாயில் வழியாக. 1938-இல் ஏட்ரியன் ஹில் என்னும் ஆங்கில ஓவியர் காசநோயுற்று, மிட்ஹர்ஸ்ட் நகரத்து ஆரோக்கியசாலையில் படுத்திருந்தார். படுக்கையிலிருந்தவாறே கைக்கெட்டிய பொருள்களை வரைந்து பொழுதைக் கழித்த அவர், அது தமக்கு நலம் பயப்பதை உணர்ந்து, உடனிருந்த நோயாளருக்கும் தூரிகை பிடிக்கக் கற்பித்தார். 'கலை மருத்துவம்' என்னும் தொடரை 1942-இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவரே. 1946-இல் எட்வர்ட் ஆடம்சன் என்னும் ஓவியர் நெதர்ன் மனநோய் மருத்துவமனையில் நோயாளருக்கெனச் சித்திரக்கூடம் அமைத்தார். எனினும் மறதி நோயாளர் அப்போதும் பெரும்பாலும் புறத்தேதான் நின்றனர். நினைவின்றிக் கற்பனை ஏது, கற்பனையின்றிக் கலை ஏது என்று உலகம் எண்ணியதே காரணம்.

அவ்வெண்ணத்தை முதலில் அசைத்தவர்கள், நோயுற்ற கலைஞர்களே. 'பொலேரோ' என்னும் இசைப் படைப்பை 1928-இல் அளித்துப் பெரும்புகழ் பெற்ற பிரெஞ்சு மேதை மோரிஸ் ராவெல், 1930-களில் மூளை நோய் ஒன்றால் எழுத்தையும் சொல்லையும் சிறிது சிறிதாக இழந்தார். உள்ளே இசை எழுகிறது, ஏட்டில் இறக்க இயலவில்லை என்று நண்பர்களிடம் வருந்தினார். 1937 டிசம்பரில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலமானார். அவர் நோய் இன்னதென்பது இன்றும் விவாதத்துக்கு உரியது. அவரைச் சோதித்து வந்த அலஷுவானீன் என்னும் வைத்தியர் 1948-இல் எழுதிய கட்டுரையில் ஓர் அரிய செய்தி உண்டு. தம் இசையைப் பிறர் வாசிக்கையில் நேரும் சிறு பிழையையும் ராவெல் செவியால் கண்டுகொள்வாராம். எழுதும் திறன் போயிற்று. சுவைக்கும் திறன் நின்றது.

அமெரிக்காவில் வாழ்ந்த டச்சு ஓவியர் வில்லெம் டி கூனிங் 1980-களில் முந்நூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் தீட்டினார். அந்தப் பத்தாண்டிலேயே மறதி நோயும் அவரைப் பற்றியது. 1989-இல் தம் காரியங்களைத் தாமே நடத்த இயலாதவர் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வோவியங்கள் 1997-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அவை கலைஞரின் ஆக்கமா, நோயின் சுவடா என்று விமரிசகர்கள் வாதிட்டனர். அவ்வாண்டு மார்ச்சில் அவர் இறந்தார்.

இலண்டனில் வாழ்ந்த வில்லியம் உட்டர்மோலென் என்பவரின் வரலாறு இன்னும் நெஞ்சைத் தொடுவது. 1995-இல் தமக்கு அல்சைமர் நோய் என்று அறிந்த பின், அடுத்த ஐந்தாண்டுகளில் தம் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். முதற் படங்களில் அச்சம் தெரியும். பின்னவற்றில் கண்ணும் காதும் இடம் பெயரும். இறுதியில் சில கோடுகளே எஞ்சும். 2001-இல் 'லான்சட்' என்னும் மருத்துவ இதழில் அவர் நோயைப் பற்றிய கட்டுரையுடன் இப்படங்களும் வெளிவந்தன. வைத்தியர்கள் இவற்றில் தேய்வின் படிகளைக் கண்டனர். அது உண்மையே. ஆயினும் தன்னைத் தானே இழந்து வரும் ஒருவர், எஞ்சியதைக் கையில் பிடித்து இன்னும் நான் இருக்கிறேன் என்று கூறியதையும் அவற்றில் காணலாம் என்பது நம் கருத்து.

இம்மூவரும் வாழ்நாள் முழுதும் கலையிற் பயின்றவர்கள். தையல் வேலை செய்தவரும், கடை நடத்தியவரும், ஒருநாளும் தூரிகை தொடாதவரும் மறதியுற்றால் அவர்களுக்குக் கலை என்ன செய்யும்? இக்கேள்விக்கு விடை காண முதலில் ஒரு கருத்து மாற்றம் தேவையாயிற்று. இங்கிலாந்தில் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டாம் கிட்வுட் 1997-இல் வெளியிட்ட நூல் அதற்குத் துணை புரிந்தது. நோயாளரின் நிலைக்கு மூளைச் சிதைவு மட்டுமே காரணமன்று. அவர் முன்னிலையிலேயே அவரைப் பற்றி மூன்றாமவர்போல் பேசுதல், குழந்தைபோல் நடத்துதல், அவசரப்படுத்துதல், சொல்வதைத் தள்ளிவிடுதல் ஆகிய செயல்களும் அவரை மேலும் வீழ்த்துகின்றன என்று அவர் வாதித்தார். நோயாளருக்குள் மனிதர் இருக்கிறார். அம்மனிதத் தன்மையைப் பிறர் பேணும் அளவுக்கு அது நிலைக்கும் என்பது அவர் கொள்கை.

அக்காலத்தையொட்டியே, 1996-இல், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து முதியோர் இல்லமொன்றில் நாடகத் துறை அறிஞர் ஆன் பாஸ்டிங் என்பவர் மறதி நோயாளரிடையே உழைத்துவந்தார். பழைய நினைவுகளை எழுப்பி நாடகப் பயிற்சி தர அவர் வாரக்கணக்காக முயன்றும் பயனில்லை. நினைவைக் கேட்டால், இல்லாததைக் கேட்பதாகவே அது முடிந்தது. ஒருநாள் சஞ்சிகையிலிருந்து ஒரு படத்தைக் கிழித்தெடுத்தார். குதிரை ஏறி மாடு மேய்க்கும் அமெரிக்க வீரன் ஒருவனைக் காட்டும் சிகரெட் விளம்பரம் அது. நினைவுகூர வேண்டா, ஒரு கதை கட்டுவோம் என்றார். இவனுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டார். "பிரெட்" என்றார் ஒருவர். எந்தப் பிரெட் என்றதற்கு, பிரெட் அஸ்டேர் என்னும் புகழ்பெற்ற திரைப்பட நடனக்காரரின் பெயர் வந்தது. எங்கே வாழ்கிறான் என்றதற்கு ஒக்லஹோமா என்று பதில் வர, அப்பெயருள்ள பாடலைக் கூடியிருந்தோர் பாடத் தொடங்கினர். வாரக்கணக்காக வாய் திறவாதிருந்தவர்கள் முக்கால் மணி நேரம் கதை சொன்னார்கள், சிரித்தார்கள்.

பிராங்க்பர்ட் அறையையும் மில்வாக்கி அறையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் கேட்கப்பட்டது பெயர்தான். முன்னதில் ஒரே விடை. அது நோயாளரிடம் இல்லை. பின்னதில் எவ்விடையும் விடையே. ஆகவே எல்லாரிடமும் விடை இருந்தது. 'டைம்ஸ்லிப்ஸ்' என்று பெயர் பெற்ற அம்முறையில், சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும், பொருளற்ற ஒலியாயினும், எழுதிக்கொள்வர். அவ்வப்போது கதையை முதலிலிருந்து படித்துக் காட்டுவர். மறந்துவிட்டாலும் கதையின் இழை அறுபடாது. திருத்துவார் எவருமில்லை.

2009-இல் வெளிவந்த ஆய்வொன்றில் 20 முதியோர் இல்லங்களுள் பத்தில் இம்முறையைக் கையாண்டு பார்த்தனர். அங்கிருந்த முதியோர் மற்றவரினும் விழிப்போடும் ஈடுபாட்டோடும் இருந்தனர். அதனினும் கருதத்தக்கது ஒன்று: பயிற்சியில் பங்கு கொண்ட ஊழியர்கள் நோயாளரை மதிக்கும் பாங்கே மாறியிருந்தது. கலை நோயாளரைத் திருத்தியது என்பதைவிட, அவரைப் பார்க்கும் கண்ணைத் திருத்தியது என்பதே பொருந்தும்.

இதையடுத்து வேறு துறைகளிலும் கதவுகள் திறந்தன. 2003-இல் இங்கிலாந்தின் பெர்க்‌ஷயர் பகுதியில் மறதி நோயாளரும் அவர்களைப் பேணுவோரும் ஒருங்கமர்ந்து பாடும் குழுக்கள் தோன்றிப் பின்னர்ப் பல ஊர்களிலும் பரவின. 2006-இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடம், கூட்டமில்லாத நேரத்தில் நோயாளரையும் குடும்பத்தாரையும் அழைத்து, சில ஓவியங்களின் முன் அமர்த்தி உரையாடும் வழக்கத்தை மேற்கொண்டது. ஓவியர் யார், ஆண்டு எது என்பதை விடுத்து, இதில் என்ன காண்கிறீர்கள் என்று கேட்பதே அங்குள்ள முறை.

நினைவு போன பின்னும் பாட்டும் கைவேலையும் எஞ்சுவது எங்ஙனம்? நினைவு என்பது ஒரே பெட்டியில் உள்ள பொருளன்று. நேற்று யார் வந்தார், காலையில் என்ன உண்டோம் என்பவற்றைப் பதிக்கும் பகுதியை அல்சைமர் நோய் முதலிலேயே தாக்குகிறது. பலகாலம் பழகிய கைகளின் இயக்கத்தைக் காக்கும் பகுதிகள் வேறு. அவை பின்னரே பழுதுறும். நெடுநாள் அறிந்த இசையை நினைவில் வைக்கும் மூளைப் பகுதிகள் நோயால் ஒப்புநோக்கக் குறைவாகவே சேதமுறுகின்றன என்று 2015-இல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து ஆய்வாளர்கள் காட்டினர். பெற்ற மகனின் பெயர் வராத நாவில் பழம்பாட்டு முழுமையாக வருவது இதனால்தான்.

ஆயினும் மிகைபடக் கூறல் தகாது. பாட்டும் சித்திரமும் நோயை நீக்கா. இழந்த நினைவைத் திருப்பித் தாரா. பல சோதனைகளை ஒருங்கு சீர்தூக்கிய காக்ரேன் குழுவின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை, இசை மனச்சோர்வைத் தணிக்கக்கூடும் என்றும், கலவரத்தையும் கோபத்தையும் தணிப்பதில் அதன் பயன் குறைவே என்றும் கூறியது. சித்திரக் கலையைப் பற்றி அதே ஆண்டு வந்த அறிக்கைக்குக் கிடைத்த தக்க சோதனைகள் இரண்டே. அவற்றில் பங்குகொண்டோர் 60 பேர். மருந்து என்னும் அளவுகோலால் அளந்தால் கலைக்குக் கிட்டும் மதிப்பெண் சிறிது. ஆனால் தாயோடு ஒரு மணி நேரம் மகிழ்ந்திருப்பது மருந்தாக வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

நம் நாட்டில் 1992-இல் கேரளத்தில் டாக்டர் கே. ஜேக்கப் ராய் முன்னின்று மறதி நோயாளருக்கென ஒரு தேசிய சங்கம் நிறுவினார். 2023-இல் வெளிவந்த ஆய்வின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோய் உற்றவர்கள். இவர்களிற் பெரும்பாலோரைப் பேணுவது குடும்பமே. ஆகவே மேலே கண்ட வரலாறு நம் வீட்டு வாயிலுக்கு வந்துவிடுகிறது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இதில் தனியே ஒரு சிக்கல் உண்டு. 2013-இல் ஹைதராபாத்தில் 648 நோயாளரை ஆராய்ந்த டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர், இரு மொழி பேசுவோருக்கு நோய்க்குறிகள் சராசரியாக நாலரை ஆண்டு பிந்தித் தோன்றின என்று கண்டனர். இது யாவர்க்கும் பொருந்தும் நியதியென்று கொள்வதற்கில்லை. ஆயினும் வேற்று மொழியிடையே வாழ்ந்த உழைப்பு வீணன்று என்று அறிவது ஆறுதலே. சிக்கல் பிறகு வருகிறது. நோய் முற்ற முற்றப் பலருக்குப் பின்னால் கற்ற மொழி முன்னால் நழுவுகிறது. பேணும் பணிப்பெண்ணுக்கோ தமிழ் தெரியாது. பேரன் பேத்தியருக்கும் அரைகுறையே.

நாம் நன்கறிந்த ஓர் இல்லம் மும்பை மாதுங்காவில் உள்ளது. அவ்வீட்டு மூதாட்டி நாற்பதாண்டுக் காலம் மராத்தியில் பேரம் பேசிக் காய்கறி வாங்கியவர். நோயுற்றபின் அம்மொழி போயிற்று. பிறந்த ஊர்த் தமிழ் மட்டும் நின்றது. மகள் அலுவலகத்திலிருந்து திரும்பியதும், "அம்மா, நான் யார், சொல் பார்ப்போம்" என்று நாள்தோறும் கேட்பார். அன்பினால் கேட்ட கேள்விதான். தாய் விழிப்பார்; பின் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தீபாவளியன்று மராத்திப் பணிப்பெண் கூடத்தில் ரங்கோலி இட அமர்ந்தாள். மூதாட்டி மெல்ல வந்து அருகில் உட்கார்ந்து, மாவை எடுத்துப் புள்ளி வைக்கலானார். ஒரு வரிசை நேராக வந்தது, அடுத்தது கோணிற்று, இழைகள் புள்ளிகளைச் சுற்றாமல் எங்கெங்கோ சென்றன. பணிப்பெண் அவற்றை அழிக்கவில்லை. அவை சென்ற வழியே தன் வண்ணப் பொடியைத் தூவிக்கொண்டு போனாள். ஒருவர் மொழி ஒருவர்க்குப் புரியாமலே இருவரும் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் மூதாட்டிக்கு அக்கோலம் நினைவில்லை. ஆனால் அதன்பின் மகள், நான் யார் என்று கேட்பதை விட்டுவிட்டார். ஒரு தட்டில் மாவை வைத்து, "இன்றைக்கு என்ன போடலாம்?" என்று கேட்கிறார்.

பெரிய கலைக்கூடமோ பயிற்சி பெற்ற ஆசிரியரோ இதற்கு வேண்டுவதில்லை. பழைய சஞ்சிகைப் படம் ஒன்று போதும். கேட்டுப் பழகிய பாட்டு ஒன்று போதும். பூத் தொடுக்கச் சிறிது நாரும் மல்லிகையும் போதும். வேண்டுவது ஒன்றே: கேள்வியை மாற்றிக்கொள்ள நாம் இசைய வேண்டும். உன் பெயர் என்ன, என் பெயர் என்ன என்று கேட்டு அவர் தோற்பதைக் காண்பது எளிது. இந்தப் படத்தில் இருப்பவருக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டு, வரும் பெயரை ஏற்றுக்கொண்டு, அடுத்து என்ன நடந்தது என்று அருகில் அமர்ந்து கேட்பதற்குச் சிறிது பொறுமை தேவை. ஆகுஸ்டே டேட்டரிடம் அப்படிக் கேட்பார் எவரும் இருந்ததாகக் குறிப்பேட்டில் காணோம். நம் இல்லத்துப் பெரியோர்க்கு அக்குறை நேராமற் காப்பது நம் கையில் உள்ளது.